கூப்பிடப் போன வகுப்பு

ஜெயசிங்குக்கு யாரையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. கிரேசி அவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டதே அதற்காகத்தான். நாசரேத்தில் இரண்டு பேர் வீடும் ஒரே தெருவில். மாமன் மகன். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வரும்போது கோயில் வாசலில் நிற்கிற பிச்சைக்காரர்களைக் கையைப் பிடித்து அழைத்து வந்து பந்தியில் உட்கார வைத்துவிடுவார். பெரியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நிற்பார். தாவணி வயசில் அடுக்களை ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்த கிரேசி, கட்டினால் இந்த அத்தானைத்தான் கட்டுவது என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள்.

அந்த அத்தான் தலைமையாசிரியரானதும், பந்தியில் செய்ததைப் பள்ளிக்கூடத்திலும் செய்தார். ஆறுமுகநேரி உப்பளங்களைத் தாண்டிக் காயல்பட்டினம் போகிற சாலையில், உடைமரங்களுக்கு நடுவில் இருந்தது அந்த உயர்நிலைப் பள்ளி. சுற்று வட்டாரத்தில் உப்பளத்துப் பள்ளிக்கூடம் என்றால்தான் தெரியும். மற்ற பள்ளிகள் கழித்துவிட்ட பிள்ளைகள் அங்கே வந்தார்கள். இரண்டு தரம் தோற்றவன், திக்குவாய்க்காரன், கால் சூம்பியவள், விடியுமுன் உப்பு வாரிவிட்டு வெடித்த பாதங்களோடு இரண்டாம் மணி அடித்த பிறகு வருகிறவர்கள், எல்லாருக்கும் இடமிருந்தது. வாசல் கேட்டைப் பள்ளி நேரத்தில் சாத்தக் கூடாது என்பது ஜெயசிங்கின் முதல் விதி. அடிக்கக் கூடாது என்பது அடுத்தது. பழைய பிரம்புகளைத் தோட்டத்தில் ஊன்றிப் பாகற்கொடியைப் படரவிட்டிருந்தார். ராங்க் வாசிப்பது கிடையாது. முதல் பெஞ்சு, கடைசி பெஞ்சு என்பது வாரத்துக்கு வாரம் மாறும். தொழுகைக்குப் போகிற பிள்ளைகளுக்காக வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளி முழுவதுக்கும் நீண்ட இடைவேளை.

எல்லாவற்றுக்கும் மேலே வட்டம். திங்கட்கிழமை கடைசி இரண்டு பீரியடும் பெரிய ஹாலில் எல்லாரும் தரையில் வட்டமாக உட்காருவார்கள். ஆசிரியருக்கும் ஒரு கை, ஆறாம் வகுப்புப் பொடியனுக்கும் ஒரு கை. பள்ளிக்கூடத்துக் காரியம் எதுவானாலும் அங்கே பேசி, கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். ஒரு காரியத்தை வேண்டாம் என்கிறவர் காரணத்தை எல்லார் முன்னாலும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அந்த வார்த்தை கணக்கில் சேராது. ஆசிரியர்கள் கண்ணை உருட்டிக் காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்றுதான் ஜெயசிங் இந்த விதியைக் கொண்டு வந்தார். வட்டத்தில் இந்த விதிக்குக் கிடைத்த மாதிரி கைதட்டு வேறெதற்கும் கிடைக்கவில்லை. அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த கிரேசியும் கை வலிக்கத் தட்டினாள்.

பிறகு, கூப்பிடப் போவது. ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வராமல் நின்றுவிட்டால் வாத்தியார் போக மாட்டார். வகுப்பே கிளம்பிப் போகும். வீட்டு வாசலில் நின்று ஒரே குரலில் பேரைச் சொல்லிக் கூப்பிடும். முதல்முதலாகப் புன்னைக்காயலுக்குப் போனார்கள், சிலுவையைக் கூப்பிட. அவன் அப்பனோடு வள்ளத்தில் போக ஆரம்பித்திருந்தான். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அப்பன் இந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஏலே சிலுவ, ஒன்னக் கூட்டிட்டுப் போவ மாப்பிள்ள ஊர்வலமே வந்திருக்குலே. சட்டயப் போட்டுட்டுப் போயித் தொல" என்று சிரித்துவிட்டார். வந்த பிள்ளைகளுக்கெல்லாம் சாளை மீன் பொரித்துக் கொடுத்தார்கள். அடுத்ததாக உப்பளத்துக் குடிசைக்குப் போய்ச் சீனித்தாயைக் கூப்பிட்டு வந்தார்கள். அவளுடைய அம்மா, "எம்மவளக் கூப்புட இம்புட்டுப் பேரா" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்தச் சீனித்தாய்தான் முத்து பீவியின் சிநேகிதி.

முத்து பீவி காயல்பட்டினத்துப் பெண். வாப்பா ஸதக்கத்துல்லாஹ் கொழும்பில் ரத்தினக் கல் வியாபாரம். பெண்ணைப் படிக்க வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்ததால் ஒன்பதாம் வகுப்புக்கு இங்கே வந்து சேர்ந்தாள். குதிரை வண்டியில் திரை போட்டுக்கொண்டு வருவாள், போவாள். அவளைப் பார்த்து அந்த ஊரிலிருந்து இன்னும் மூன்று சிறு பெண்கள் கீழ் வகுப்புகளில் சேர்ந்திருந்தார்கள். கணக்கில் முத்து பீவியை அடிக்க ஆளில்லை. ராங்க் வாசிக்காத பள்ளிக்கூடத்திலும் அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

எழுபத்து நாலாம் வருஷத்துக் கடைசியில், பதினோராம் வகுப்பு பாதியில், அவளுக்கு நிச்சயமாயிற்று. வாப்பாவின் தம்பி, அவளுக்குச் சாச்சா, ஹாமிது வந்து, "படிச்சது போதும். நிக்காஹ் மே மாசத்துல" என்று சொல்லிவிட்டுப் போனார். குதிரை வண்டி வருவது நின்றது.

கிரேசி அடுத்த வெள்ளிக்கிழமை இடைவேளையில் தனியாகக் கிளம்பிக் காயல்பட்டினம் போனாள். அந்த ஊரில் வீடுகளுக்கு இரண்டு வாசல். முன்வாசல் தெருவைப் பார்த்தது. பின்வாசல் முடுக்கைப் பார்த்தது. முடுக்கு என்றால் வீடுகளின் முதுகுகளுக்கிடையில் ஓடுகிற ஒடுங்கிய சந்து. அது பெண்கள் மட்டும் நடக்கிற பாதை. முக்காடில்லாமல் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அதன் வழியே போய்வருவார்கள். ஆண்கள் அதில் கால் வைக்க மாட்டார்கள். யாரும் பலகையில் எழுதி வைக்கவில்லை. பிறந்து வளர்ந்தவர்களுக்கு எழுதி வைக்கத் தேவையுமில்லை.

முத்து பீவியின் உம்மா ஹாஜரா பீவி பின்கதவைத் திறந்தாள். "டீச்சர், முன்வாசல் வழியா வந்திருந்தா நான் பேசியிருக்க மாட்டேன்" என்று சிரித்தாள். கிரேசியை உள்ளே இழுத்து உட்கார வைத்து, பேச்சுக்கு இடையில் ஒரு தரம்கூட மகளைப் பார்க்காமல், மனசிலிருந்ததைக் கொட்டினாள். பெண் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதிவிட வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்கும் மச்சான் ஹாமிதுக்கும் தெரிய வேண்டாம். தூத்துக்குடியில் ஹாஜராவின் ராத்தா, கூடப் பிறந்த அக்கா, வீடு இருக்கிறது. பரீட்சைச் சமயத்தில் கண் வைத்தியம் என்று சொல்லி மகளை அங்கே கூட்டிப் போய்விடலாம். பரீட்சை நடக்கிற பெண்கள் பள்ளிக்கூடம் அங்கிருந்து கூப்பிடு தூரம். "பாஸானதுக்கப்பறம் சொன்னா மச்சான் என்ன, நெத்தியில எழுதினதையா அழிச்சிருவாவ? சிரிச்சிட்டுப் போயிருவாவ. இப்ப சொன்னாத்தான் வேண்டாம்னு நிப்பாவ."

அன்று முதல் ஒவ்வொரு வெள்ளியும், ஊர் ஆண்கள் ஜும்ஆவுக்குப் பள்ளிவாசலில் கூடியிருக்கிற நேரத்தில், கிரேசி முடுக்கு வழியாகப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள். முடுக்கில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் அது தெரியும். ஒருத்தி மோர் கொடுப்பாள். இன்னொருத்தி, "டீச்சர், எம் மருமவளுக்கும் ரெண்டு எழுத்து சொல்லிக் குடுங்க, கொழும்புக்குக் கடுதாசி எழுத என்னயே புடிச்சித் தொங்குதா" என்பாள். ஆனால் விஷயம் ஒரு முன்வாசலைக்கூடத் தாண்டவில்லை.

கணவனிடம் சொல்லாமலிருக்க முடியவில்லை. வருகை குறைந்த மாணவி பரீட்சை எழுதத் தலைமையாசிரியரின் சிபாரிசுக் கையெழுத்து வேண்டும். சொன்னபோது ஜெயசிங் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்துவிட்டார். "கிரேசி, நீ செஞ்சது பெரிய காரியம்!" என்றார். உடனே முகம் சுருங்கியது. "ஆனா ஒளிச்சுச் செய்யறதுதான் எனக்கு ஒப்பல. நம்ம பள்ளிக்கூடத்துல எதயும் மறைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு…"

"அத்தான், இது பள்ளிக்கூடம் இல்ல. ஒரு வீடு. அந்தம்மா என்னய நம்பிச் சொல்லியிருக்காவ."

"சரி, சரி. நான் யார்ட்ட சொல்லப்போறேன்."

கையெழுத்துப் போட்டார்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலையில், வரும் வட்டத்துக்கான விஷயங்களைப் பலகையில் எழுதியிருந்தார்கள். நடுவில் சீனித்தாயின் கோணல் எழுத்தில், 'முத்து பீவியைக் கூப்பிடப் போவது' என்று இருந்தது. கிரேசி அதைப் படித்துவிட்டாள். அன்று மத்தியானம் முடுக்கில் போய் உட்கார்ந்து இரண்டு தேற்றங்கள் நடத்தினாள். முத்து பீவி வழக்கம்போல மூன்றாவதைத் தானே போட்டுக் காட்டினாள். பலகையில் பார்த்ததைக் கிரேசி சொல்லவில்லை. படிக்கிற பிள்ளையை ஏன் பயப்படுத்த வேண்டும், அத்தான் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் கேட்டாள். "அந்தப் பலகையில இருக்கத அழிச்சிருங்க, அத்தான்."

"நான் எப்படி அழிக்க? பிள்ளை எழுதினத ஹெட்மாஸ்டரே அழிச்சா, வட்டம்னு ஒண்ணு என்னத்துக்கு?"

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"பாத்துக்கிடுதேன், விடு."

அவர் பார்த்துக்கிடுதேன் என்று சொல்லி இதுவரை எதுவும் கெட்டதில்லை. அவள் விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை வட்டத்தில் சீனித்தாய் எழுந்து நின்றாள். பேசிப் பழகாத பெண். முதல் வார்த்தைக்கே முகம் சிவந்துவிட்டது.

"சிலுவையக் கூப்புடப் போனோம். என்னயக் கூப்புட வந்தீங்க. முத்து பீவி எம்புட்டு நாளா வரல, அவள மட்டும் ஏன் கூப்புடல? நாங்கன்னா குடிச வீடு, சட்டுனு வந்து நின்னுரலாம். அது மாடி வீடு. அதானே?"

ஹாலில் சலசலப்பு எழுந்தது. "ஆமா, அதான!" என்றான் ஒருவன். "மாடி வீட்டுக்குப் போறதுன்னா ஸாருக்கே பயம்லா" என்று பின்னாலிருந்து இன்னொருவன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். ஜெயசிங்கும் சிரித்தார். ஆனால் காதோரம் சிவந்ததைக் கிரேசி பார்த்துவிட்டாள். உலகத்தில் எந்தப் பழியையும் தாங்குவார், ஆளுக்கொரு நீதி வைத்திருக்கிறார் என்ற பழியை மட்டும் தாங்கமாட்டார்.

"வேண்டாங்கிறவங்க யாராவது உண்டா?" என்று கேட்டார்.

கிரேசி கை தூக்கினாள். "நான் வேண்டாங்கேன்."

எல்லா முகமும் திரும்பியது. சிலுவைதான் எழுந்தான். அந்த மாதம் வட்டத்தை நடத்துகிறவன் அவன். மரியாதையாகத்தான் கேட்டான். "காரணம் சொல்லுங்க டீச்சர்."

சொல்லலாம். சொன்னால் இந்த ஹாலில் இருக்கிற இத்தனை வாயும் சாயங்காலம் ஆளுக்கொரு ஊருக்குப் போகும். கீழ் வகுப்பில் காயல்பட்டினத்துப் பையன்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். இருட்டுவதற்குள் விஷயம் ஹாமிதின் கடையில் போய் நிற்கும்.

"அந்த வீட்டுக்கு… இப்ப போறது சரியில்ல. நான் சொல்றத நம்புங்க."

"நம்புதோம் டீச்சர். ஆனா விதி இருக்குல்ல." சிலுவைக்குக் குரல் இறங்கிவிட்டது. "காரணம் சொல்லணும்லா."

கிரேசி கணவனைப் பார்த்தாள். வட்டத்தின் எதிர்ப்பக்கத்தில், சம்மணம் போட்டு, பிள்ளைகளில் ஒரு பிள்ளையாக உட்கார்ந்திருந்தார் ஜெயசிங். அவருக்குக் காரணம் தெரியும். ஒரு வார்த்தை போதும். இது எனக்கும் தெரியும், விட்டுவிடுங்கள் என்றால் போதும். அவர் அவளைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

"காரணம் வரல," என்றார். "கை தூக்குங்க பிள்ளைகளா."

அவள் ஒருத்தியைத் தவிர எல்லாக் கையும் உயர்ந்தது. அவர் கையும் உயர்ந்தது.

மணி அடித்ததும் ஆசிரியர் அறையில் அவரைப் பிடித்துக்கொண்டாள். "என்ன அத்தான் இது?"

"நான் என்ன செய்ய கிரேசி? நீயும் பாத்தேல்லா. எனக்குத் தெரியும்னு சொன்னா, அப்ப ஸாரும் டீச்சரும் சேந்து மறைச்சீங்களாங்கும் அதுக. அத்தோட வட்டம் போச்சு. இத்தனை வருஷம் கட்டினது போச்சு. பிள்ளைக சும்மா போயிக் கூப்பிடும், அவங்க இல்லன்னு சொல்வாங்க, திரும்பி வந்துருவோம். யாருக்கு என்ன நஷ்டம்?"

"என்னைக்குப் போறீங்க?"

"இப்பவே. வெளிய வண்டி கட்டி நிக்கி. நல்ல காரியத்த என்னத்துக்குத் தள்ளிப் போடணும்?"

ஹாஜரா பீவிக்குச் சொல்லி அனுப்ப நேரமில்லை. கிரேசியும் கூடவே ஓடினாள். கடைசி மாட்டு வண்டியில்தான் இடம் கிடைத்தது. முன்வண்டியில் பிள்ளைகள் பாடிக்கொண்டே போனார்கள். ஊருக்குள் இறங்கியதும் தெரு பிரிகிற இடத்தில், "முன்வாசலுக்குப் போங்க! பெரிய தெரு வழியாப் போங்க!" என்று அவள் பின்னாலிருந்து கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. சீனித்தாய் பெருநாளைக்கு வட்டிலப்பம் சாப்பிட ஒரு தரம் முத்து பீவி வீட்டுக்குப் போயிருக்கிறாள். பெண் பிள்ளை என்று அவளை முடுக்கு வழியாகத்தான் கூட்டிப் போயிருந்தார்கள். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

"இங்கன வாங்க, நான் காட்டுதேன்!" என்று முன்னால் ஓடினாள். பின்னால் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் பையன்கள், பையன்களுக்கு நடுவில் தலைமையாசிரியர், எல்லாரும் அந்த ஒடுங்கிய சந்துக்குள் நுழைந்தார்கள்.

சாயங்காலத்து அஸர் தொழுகை முடிந்த வேளை. முடுக்கில் பெண்கள் காற்று வாங்க உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தலையை விரித்துப் போட்டு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி மார்பில் பிள்ளையோடு படியில் சாய்ந்திருந்தாள். "யா அல்லாஹ்!" என்று ஒரு குரல் கிளம்பியது. குடம் உருண்டது. கதவுகள் வரிசையாகப் படபடவென்று அடைபட்டன. எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவள் எந்தக் கதவுக்குப் போவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பையன்கள் திகைத்து நின்றார்கள். திரும்பிப் போகவும் வழியில்லை, பின்னாலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். என்ன செய்வது என்று தெரியாதபோது எல்லாரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். தெரிந்ததைச் செய்தார்கள்.

"முத்து பீவி, வா! பள்ளிக்கூடத்துக்கு வா!"

அந்தச் சந்தில் ஒரே குரல் நூறாகக் கேட்டது.

பின்கதவு திறந்தது. ஹாஜரா பீவி நின்றாள். கூட்டத்தின் தலைகளுக்கு மேலே அவள் கண் தேடி, கடைசியில் மூச்சு வாங்க நின்ற கிரேசியைக் கண்டுபிடித்தது. கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

ஹாமிது வந்து எல்லாரையும் முன்வாசலுக்கு அழைத்துப் போனார். அவர் சத்தம் போட்டிருந்தால் கிரேசிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் பாய் விரிக்கச் சொன்னார். பிள்ளைகளுக்கெல்லாம் நன்னாரி சர்பத் வந்தது. தலைமையாசிரியருக்கு நாற்காலி போட்டார்.

"ஸார், ஒங்க பள்ளிக்கூடத்துல பொம்பளப் புள்ளைகளுக்குன்னு தனியா ஒரு எடம் உண்டா?"

"இல்லீங்க. எங்ககிட்ட எல்லாரும் ஒண்ணுதான்," என்றார் ஜெயசிங், கொஞ்சம் பெருமையோடு.

"நல்லது. இங்கன உண்டு ஸார். நீங்க வந்தீங்களே, அந்த முடுக்கு. எங்க வாப்பா அதுல நடந்ததில்ல. நான் நடந்ததில்ல. நாளைக்கு இந்த வீட்டுக்கு வரப்போற மாப்பிள்ளையும் நடக்க மாட்டார். ஒங்க பையம்மாரு நடந்துட்டாங்க." நிறுத்தி, ஒரு பெருமூச்சு விட்டார். "தெரியாமச் செஞ்சது. சின்னஞ்சிறுசுக. நான் நாலு வீட்டுல போயி மன்னிப்புக் கேட்டுச் சரி பண்ணிக்கிடுதேன். நீங்க சர்பத்தக் குடிங்க."

அதோடு முடிந்திருக்கும். கிரேசி இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறாள். மனிதர் சரி பண்ணியிருப்பார். கதவு சில வாரம் மூடியிருந்து மறுபடியும் திறந்திருக்கும். ஆனால் ஜெயசிங் தம்ளரைக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. இவ்வளவு நல்ல மனிதரிடம் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறோமே என்று அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

"அத்தான்," என்றாள் கிரேசி தாழ்வாக.

"ஒங்ககிட்ட மறைக்கக் கூடாது. ஒங்க அண்ணன் மகள் நல்லாப் படிச்சிட்டுத்தான் இருக்கா. பரீட்சைக்கு நான் கையெழுத்தும் போட்டாச்சு. என் வீட்டுக்காரிதான் வாராவாரம் வந்து சொல்லிக் குடுக்கா. நீங்க பெரிய மனசு பண்ணி எழுத விட்டீங்கன்னா, இந்த ஊருக்கே ஒரு…"

சிலுவை திரும்பிக் கிரேசியைப் பார்த்தான். சீனித்தாயும் பார்த்தாள். காரணம் இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ஹாமிது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "படிக்கிறதுக்கு நான் எதிரி இல்ல ஸார். எங்கிட்ட வந்து கேட்டிருந்தா சண்ட போட்டிருப்பேன், பெறவு விட்டிருப்பேனோ என்னமோ. இப்ப, என் மதினி, ஒங்க வீட்டம்மா, அந்த முடுக்குல இருக்க எல்லாப் பொம்பளைகளும் சேந்து என்னய ஒரு மடையனாக்கி வச்சிருக்காவ. அதயும் இத்தனை புள்ளைக முன்னால, வெளியாள் வாயால நான் கேக்குதேன். இனிமே நான் எப்படி ஸார் விட?"

நிக்காஹ் மே மாதத்திலிருந்து மார்ச்சுக்கு வந்தது. பரீட்சை தொடங்குகிற வாரம். கீழ் வகுப்பிலிருந்த மூன்று சிறு பெண்களும் ஒவ்வொருத்தியாக நின்றார்கள். அவர்களைக் கூப்பிடப் போவதைப் பற்றி வட்டத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஜெயசிங் நடந்ததை எல்லாம் மறைக்காமல் சொன்னார். குழுவிலிருந்த பெரியவர் ஒருவர், "காலத்துக்கு முந்திப் பொறந்த பள்ளிக்கூடம்யா இது" என்று அவர் தோளைத் தட்டினார். ஜெயசிங் அதை வீட்டுக்கு வந்து கிரேசியிடம் சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "சரி" என்றாள். அந்த நாட்களில் அவள் அவரிடம் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுதான்.

சீனித்தாய் ஒரு நாள் அவளிடம் வந்து நின்றாள். "டீச்சர், நான் கெடுத்துட்டேனா?"

"நீ என்னளா கெடுத்த? நீ சிநேகிதியக் கூப்புடப் போன."

"நீங்க என்னயத் தனியாக் கூப்புட்டு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா டீச்சர். பலகையில எழுதினது நாந்தானே. நானே அழிச்சிருப்பேனே."

இந்தப் பிள்ளையிடம் சொல்லலாம் என்று கிரேசிக்கு ஒரு நிமிஷமும் தோன்றியிருக்கவில்லை. எல்லாரும் ஒன்று என்று வட்டத்தில் உட்கார்ந்தவள், பேச வேண்டிய நேரத்தில் தலைமையாசிரியரிடம் மட்டும்தான் போய்ப் பேசியிருக்கிறாள்.

கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. ஹாமிது முறை தவறாதவர். நிக்காஹ் முடிந்து இரண்டு நாள் கழித்துப் பெண்கள் மணப்பெண்ணைப் பார்க்கப் போகிற மாலையில் கிரேசி மட்டும் போனாள். முன்வாசல் வழியாகத்தான் போனாள். ஹாஜரா பீவி, "வாங்க டீச்சர், உக்காருங்க" என்றாள். விருந்தாளிக்குச் சிரிக்கிற சிரிப்பு. தட்டில் வட்டிலப்பம் வந்தது. முடுக்கில் மோர் கொடுத்த பெண் முக்காட்டை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

முத்து பீவி உள்ளறையில் சரிகைக்குள் அமிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். கை நிறைய மருதாணி. கிரேசி பக்கத்தில் உட்கார்ந்ததும் மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"இன்னைக்கு என்ன பரீட்சை டீச்சர்?"

"கணக்கு."

அவள் தலையாட்டினாள். "தேற்றம் எது வந்துச்சாம்?"

கிரேசி சொன்னாள். அந்தப் பெண் கண்ணை மூடி, மனசுக்குள்ளேயே போட்டுப் பார்ப்பதுபோல ஒரு கணம் இருந்தாள். விரல் ஒன்று சரிகையின் மேல் கோடு இழுத்தது.

"நீங்க வேண்டாம்னு சொன்னீங்களாம். சீனித்தாய் ஆளனுப்பிச் சொன்னா. காரணம் மட்டும் சொல்லலியாம்."

"உனக்காகத்தான்மா சொல்லல. சொன்னா வெளிய தெரிஞ்சிரும்னு…"

"தெரியும் டீச்சர். ஆனா எங்கிட்ட யாருமே கேக்கலியே." கோபமில்லை. கணக்கில் ஒரு வரி விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டுகிற மாதிரிதான் சொன்னாள். "வெள்ளிக்கிழமை வந்தீங்கள்லா. பலகையில எழுதியிருந்தது ஒங்களுக்குத் தெரியும்லா. எங்கிட்ட சொல்லியிருந்தா ஒரு தாள்ல ரெண்டு வரி எழுதித் தந்திருப்பேன், என்னயக் கூப்புட வர வேண்டாம், எனக்கு வர இஷ்டமில்லன்னு. சிலுவை வாசிச்சிருப்பான். வரமாட்டேங்கிற புள்ளயக் கூப்புடப் போக மாட்டாங்கள்ல? உம்மாவும் நீங்களும் பேசினீங்க. நீங்களும் ஸாரும் பேசினீங்க. சாச்சாவும் ஸாரும் பேசினாவ. வட்டத்துல நானும் ஒரு கைதானே டீச்சர்?"

வெளியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, மணப்பெண்ணாக உட்கார்ந்துகொண்டாள்.

கிரேசி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஜெயசிங் முற்றத்தில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கா பிள்ள? என்ன சொன்னா?" என்று ஆவலாகக் கேட்டார்.

பல வாரங்களாகச் சரி என்ற ஒரு சொல்லோடு நிறுத்தியிருந்தவள், அன்று எல்லாவற்றையும் சொன்னாள். முத்து பீவி சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் சொன்னாள். இவர் இப்போது அழுவார், நானும் அழுவேன், அதற்குப் பிறகு ஒருவேளை இந்த வீட்டில் பழையபடி பேசிக்கொள்ள முடியும் என்று நினைத்தாள். ஜெயசிங் துணியைக் கீழே போட்டுவிட்டு நின்றார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"கிரேசி! இது எனக்குத் தோணவே இல்ல பாரு. கூப்பிடப் போறதுக்கு முன்னால அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். இத விதியாவே கொண்டு வந்துரணும். எவ்வளவு அருமையான யோசனை!" விறுவிறுவென்று உள்ளே போனார். பேனா தேடுகிற சத்தம் கேட்டது. மறுபடியும் வாசலுக்கு வந்தார். "முன்மொழிகிறவர்னு ஒரு பேர் போடணுமே. முத்து பீவி பேரப் போட முடியாது. பள்ளிக்கூடத்துல இல்லாத பிள்ள. நீ முன்மொழியேன்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் கள்ளமே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்து ஆசைப்பட்ட அதே முகம்.

"ஒங்க பேரயே போட்டுக்கிடுங்க, அத்தான்," என்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, உலை வைக்க அடுக்களைக்குப் போனாள்.